ஆர்டிகே கருவியை மட்டும் நம்பி எல்லை காட்டலாமா?

நீங்கள் கேட்டது இது: செயற்கைக்கோள் சமிக்ஞையை வைத்து இடத்தைச் சென்டிமீட்டர் சுத்தமாகச் சொல்லும் ஆர்டிகே செட் ஒன்று புதிதாக வாங்கியிருக்கிறீர்கள், ஓரிடத்தில் அசையாமல் நிற்கும் பேஸ் ஒன்று, கம்பத்தில் தூக்கிக்கொண்டு நடக்கும் ரோவர் ஒன்று. விளம்பரத்தாளில் 8 மில்லிமீட்டர் துல்லியம் என்று போட்டிருக்கிறது. ஆனால் ஒரு நாள் அளந்த மூலைக்கற்களை இரண்டு நாள் கழித்து மறுபடி அளந்தால் எல்லாமே ஒன்றரை மீட்டர் தென்மேற்காகத் தள்ளிக் காட்டுகிறது. கருவி பழுதா, இதை வைத்து எல்லை காட்டலாமா, டேப்பையும், கோணமும் தூரமும் அளக்கும் டோட்டல் ஸ்டேஷனையும் மூட்டை கட்டிவிடலாமா என்கிறீர்கள். கேள்வி மூன்றாக இருந்தாலும் நீங்கள் கேட்க வந்தது ஒன்றுதான் என்று படுகிறது: திரையில் வரும் எண்ணை எந்த அளவுக்கு நம்புவது? பல வருடமாக இந்தக் கருவிகளோடு வயலிலும் தெருவிலும் நின்றவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். உங்கள் ஃபைலை நான் பார்க்கவில்லை. ஆகவே முதலில் சொல்லப்போகும் காரணம் அனுமானம்தான். ஆனால் வலுவான அனுமானம், நீங்களே ஐந்து நிமிடத்தில் சோதித்துக்கொள்ளலாம்.

எல்லாக் கற்களும் ஒரே திசையில், ஒரே அளவு நகர்ந்திருக்கின்றன. கருவி கெட்டிருந்தால் ஒவ்வொரு கல்லும் ஒவ்வொரு பக்கம் ஓடியிருக்கும். மொத்தமாக நகர்ந்திருந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது பேஸைத்தான். காலையில் அதை டிரைபாடில் ஏற்றி, 'இப்போது நிற்கும் இடத்தையே எடுத்துக்கொள்' என்ற பொத்தானை அழுத்தியிருப்பீர்கள். புதிதாக வாங்கியவர்கள் எல்லோரும் அதைத்தான் அழுத்துவார்கள், மெனுவில் அதுதான் முன்னால் வந்து நிற்கும். அந்த நிமிடத்தில் பேஸுக்குத் துணை யாரும் இல்லை. தன் இடத்தைத் தானே கணக்குப் போடுகிறது, திறந்த வெளியில்கூட ஒன்று முதல் மூன்று மீட்டர் வரை தவறுகிறது. அதற்குப் பிறகு ரோவர் சொல்வதெல்லாம் பேஸிலிருந்து எவ்வளவு தூரம், எந்தத் திசை என்பதை மட்டுமே. அது சென்டிமீட்டர் சுத்தமாகத்தான் வரும். தொடங்கிய இடமே தவறு என்றால் அந்தத் தவறு எல்லாக் கல்லிலும் அப்படியே உட்கார்ந்துகொள்ளும். மறுநாள் அதே பொத்தானை அழுத்தினால் வேறொரு தவறு.

சோதிப்பது எளிது. இரண்டு நாள் ஃபைலையும் திறந்து பேஸின் ஆயத்தொலைவைப் பாருங்கள். இரண்டு நாளும் ஒரே ஆணி மேல் வைத்திருந்தால் அந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் அதே ஒன்றரை மீட்டர் இருக்கும். வேறு வேறு இடத்தில் வைத்திருந்தால், முதல் நாள் ஃபைலில் கற்களுக்கு இடையே உள்ள தூரங்களையும் இரண்டாம் நாள் தூரங்களையும் ஒப்பிடுங்கள். தூரங்கள் ஓரிரு சென்டிமீட்டருக்குள் ஒத்துப்போனால் கருவி நல்ல கருவி, வேலையும் வீண்போகவில்லை. ஒரு நாளைப் பிடித்துக்கொண்டு மற்ற நாளை மொத்தமாக நகர்த்திவிட்டால் போதும். இனிமேல் ஒவ்வொரு வேலையிடத்திலும் முதல் நாளே ஒரு ஆணி அடித்து, அதற்கு ஒரு பெயரும் ஆயத்தொலைவும் கொடுத்து, அடுத்த நாள் பேஸைத் தொடங்கும்போது அந்தப் பெயரைத் தேர்ந்தெடுத்துத் தொடங்குங்கள். டிரைபாட் அந்த ஆணிக்கு நேர் மேலே நிற்கிறதா, ஆன்டெனா உயரம் சரியாகக் கொடுத்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். நேர் உயரம் கேட்கும் இடத்தில் சாய்வு உயரத்தை, அதாவது ஆணியிலிருந்து ஆன்டெனாவின் ஓரத்துக்குச் சாய்வாகப் பிடித்த அளவைக் கொடுத்தால் கிடைமட்டத்தில் ஒன்றும் தெரியாது. மட்டம், அதாவது உயரம், மட்டும் எல்லாப் புள்ளியிலும் தவறும்.

சரி, தனியாக நின்றால் இரண்டு மீட்டர், பேஸோடு சேர்ந்தால் ஒரு சென்டிமீட்டர், இது எப்படி? செயற்கைக்கோள்கள் சுமார் 20,000 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அங்கிருந்து வரும் சமிக்ஞை அயனி மண்டலத்தைக் கடக்கும்போது தாமதமாகிறது, கீழே ஈரப்பதம் இன்னும் கொஞ்சம் தாமதப்படுத்துகிறது. அதோடு செயற்கைக்கோளின் கடிகாரப் பிழை, பாதைப் பிழை. ஒரு நானோ வினாடி தவறினால் 30 சென்டிமீட்டர் போச்சு. உங்கள் பேஸும் ரோவரும் ஒரு கிலோமீட்டர் இடைவெளியில் இருந்தால் இந்தப் பிழைகள் எல்லாம் இருவருக்கும் கிட்டத்தட்ட ஒன்றே. கழித்தால் போய்விடும். அதனால்தான் பேஸ் தூரமாகப் போகப்போகத் துல்லியம் குறைகிறது. விளம்பரத்தாளில் '8 மில்லிமீட்டர் கூட்டல் 1 பிபிஎம்' என்று இருந்திருக்கும், அந்த இரண்டாவது பாதியை யாரும் படிப்பதில்லை. 1 பிபிஎம் என்றால் கிலோமீட்டருக்கு 1 மில்லிமீட்டர். பத்து கிலோமீட்டர் தள்ளி இருந்தால் 8 என்பது 18 ஆகிவிடும்.

கழிப்பதோடு இன்னொரு வேலையும் நடக்கிறது, இதைப் புரிந்துகொள்வது முக்கியம். கருவி சமிக்ஞையின் அலையையே அளக்கிறது. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் அனுப்பும் எல்1 என்ற அலைவரிசையில் ஓர் அலையின் நீளம் 19 சென்டிமீட்டர். அந்த அலைக்குள் எந்த இடத்தில் இருக்கிறோம் என்பதை இரண்டு மூன்று மில்லிமீட்டர் சுத்தமாகச் சொல்லும். ஆனால் நடுவில் முழு அலைகள் எத்தனை என்பது அதற்குத் தெரியாது. டேப்பில் மில்லிமீட்டர் கோடுகள் பளிச்சென்று தெரிந்து, மீட்டர் எண்கள் மட்டும் அழிந்துபோயிருந்தால் எப்படியோ அப்படி. அந்த முழு எண்ணைக் கணக்கால் கண்டுபிடித்துவிட்டால் திரையில் 'ஃபிக்ஸ்' என்று வரும். இன்னும் கண்டுபிடிக்கவில்லை என்றால் 'ஃப்ளோட்'. ஃப்ளோட்டில் சில அங்குலம் முதல் ஒரு மீட்டர் வரை எதுவும் நடக்கலாம், அதில் எல்லைப் புள்ளி எடுக்கவே கூடாது. இதில் எந்தச் சந்தேகமும் வேண்டாம்.

சந்தேகப்பட வேண்டியது ஃபிக்ஸைத்தான். முழு எண்ணைத் தவறாகப் பிடித்துக்கொண்டும் கருவி 'ஃபிக்ஸ்' என்றே காட்டும், பக்கத்தில் 0.012 என்று துல்லியமும் போடும். அந்த 0.012 கருவி தன் கணக்கைப் பற்றிச் சொல்லும் நம்பிக்கை. தரையோடு ஒத்துப்பார்த்துச் சொன்னதல்ல. மரத்தடி, தகரக் கூரை, கண்ணாடிக் கட்டடம், நின்றுகொண்டிருக்கும் லாரி, இவற்றின் அருகில்தான் இது நடக்கும். சமிக்ஞை நேராக வராமல் சுவரில் பட்டுத் திரும்பி வருகிறது, கருவி அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்கிறது. இருபது முப்பது சென்டிமீட்டர் தவறிய ஃபிக்ஸ் திரையில் நல்ல ஃபிக்ஸ் மாதிரியே இருக்கும். இப்போது வரும் கருவிகள் அமெரிக்கா, ரஷ்யா, சீனா, ஐரோப்பிய ஒன்றியம் ஆகியவற்றின் நான்கு செயற்கைக்கோள் தொகுதிகளையும் ஒன்றாகப் பிடிப்பதால் இது முன்பைவிடக் குறைந்திருக்கிறது, ஆனால் ஒழியவில்லை. அதிலும் ஒரு சிக்கல்: முன்பெல்லாம் மரத்தடியில் ஃபிக்ஸே வராது, வேறு வழி பார்ப்போம். இப்போது வந்துவிடுகிறது.

இதற்கு மருந்து ஒன்றுதான். முக்கியமான புள்ளி ஒவ்வொன்றையும் இரண்டு முறை எடுங்கள். ஐந்து வினாடி இடைவெளியில் இரண்டு முறை எடுப்பது பிரயோஜனமில்லை, அதே தவறான முழு எண்ணோடு அதே விடைதான் திரும்பி வரும். முதல் சுற்று முடிந்ததும் ஆன்டெனாவைத் தலைகீழாகக் கவிழ்த்து, அல்லது ரோவரை அணைத்துப் போட்டு, ஃபிக்ஸை இழக்கச் செய்து, புதிதாகப் பிடிக்கவிட்டு இரண்டாம் சுற்று எடுங்கள். நடுவில் செயற்கைக்கோள்கள் இடம் மாறியிருக்க வேண்டும். எவ்வளவு நேரம் என்பதில் ஆளுக்கொரு கருத்து உண்டு. திறந்த வெளியில் அரை மணி நேரம் எனக்குப் போதும் என்று தோன்றுகிறது. கட்டடங்களுக்கு நடுவில் காலை ஒருமுறை, மதியம் ஒருமுறை எடுப்பேன். அப்புறம், ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களின் அமைப்பு 23 மணி 56 நிமிடத்துக்கு ஒருமுறை கிட்டத்தட்ட அப்படியே திரும்பி வருகிறது. நேற்று பத்து மணிக்கு எடுத்ததை இன்று பத்து மணிக்கு எடுத்துச் சரிபார்த்தால் அதே வானத்தைத்தான் பார்க்கிறீர்கள். நேரத்தையும் மாற்றுங்கள்.

இனி 8 மில்லிமீட்டருக்கு வருவோம். அது பொய்யில்லை, ஆனால் முழு உண்மையும் இல்லை. முதலாவது, அது ஒரு சராசரி வகை எண். தோராயமாக மூன்று முறை அளந்தால் இரண்டு முறை அதற்குள் வரும், மூன்றாவது முறை வெளியே போகும். எப்போதும் அதற்குள் இருக்க வேண்டும் என்றால் இரண்டு மடங்குக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, அது ஆன்டெனாவின் இடம். நீங்கள் அளக்கும் கல் இரண்டு மீட்டர் கீழே இருக்கிறது, நடுவில் ஒரு கம்பம். கம்பம் ஒரு டிகிரி சாய்ந்தால் முனையில் மூன்றரை சென்டிமீட்டர் தவறும். ரோவர் கம்பத்தில் இருக்கும் வட்டக் குமிழி தொழிற்சாலையிலிருந்து வரும்போது சரியாகத்தான் இருக்கும். வண்டியின் பின்பக்கத்தில் பத்து முறை உருண்ட பிறகும் அப்படியே இருக்கும் என்று எண்ண வேண்டாம். இதைப் பார்க்க ஆய்வகம் தேவையில்லை. ஓர் ஆணியின் தலையில் கம்பத்தின் முனையை ஊன்றி, இரண்டு கால் ஊன்றுகோலில் பிடிக்கவைத்து, குமிழியை நடுவில் கொண்டுவாருங்கள். இப்போது ஊன்றுகோலைத் தொடாமல் கம்பத்தை மட்டும் அரைச் சுற்று திருப்புங்கள். குமிழி நடுவிலேயே நின்றால் நல்லது. ஓடினால், ஓடியதில் பாதிதான் குமிழியின் பிழை. அடியிலிருக்கும் மூன்று திருகுகளால் அந்தப் பாதியைத் திருத்தி, மீதிப் பாதியை ஊன்றுகோலால் சரிசெய்து, மறுபடி திருப்பிப் பாருங்கள். மாதம் ஒருமுறை செய்தாலே போதும். செய்பவர்கள் குறைவு.

சாய்த்து வைத்தாலும் தானே திருத்திக்கொள்ளும் கருவிகள் இப்போது வந்துவிட்டன. சுவர் மூலையில் கம்பத்தை நேராக நிறுத்த முடியாத இடத்தில் பெரிய வசதி. விவரம் சேகரிக்கும் வேலைக்கு நானும் தாராளமாகப் பயன்படுத்துகிறேன். எல்லைக்கல்லுக்கு மட்டும் நேராக நிறுத்தித்தான் எடுக்கிறேன். சாய்வைத் திருத்தும் கணக்குக்கு உள்ளே இருக்கும் சென்சார்களின் பிழை கூடுதலாகச் சேர்கிறது, அது சாய்வு கூடக்கூடக் கூடும். எவ்வளவு என்பது கருவிக்குக் கருவி மாறும். உங்கள் கருவியில் அறிய ஓர் ஆணியின் மேல் நான்கு பக்கமும் சாய்த்து நான்கு முறை எடுத்து, நேராக நிறுத்தி எடுத்ததோடு ஒப்பிட்டால் போதும்.

இவ்வளவையும் சேர்த்தால் திறந்த வெளியில், நல்ல பழக்கத்தோடு, ஒரு புள்ளிக்கு இரண்டு சென்டிமீட்டர் என்று நான் கணக்கு வைப்பேன். இது போதுமா? நிலத்தின் அளவைப் பொறுத்தது. பக்கத்துக்கு 30 மீட்டர் உள்ள ஒரு சதுர மனையை எடுத்துக்கொள்ளுங்கள், 900 சதுர மீட்டர். ஒவ்வொரு மூலையும் தனித்தனியாக இரண்டு சென்டிமீட்டர் தவறினால் பரப்பளவு ஏறக்குறைய ஒரு சதுர மீட்டர் தவறும். யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள். அதே மனையைப் போனில் அளந்து, ஒவ்வொரு மூலையும் மூன்று மீட்டர் தவறினால் 127 சதுர மீட்டர் தவறும், அதாவது 14 சதவீதம். பக்கத்துக்கு 300 மீட்டர் உள்ள பெரிய வயலென்றால் அதே போன் ஒன்றரை சதவீதத்துக்குள் சொல்லிவிடும். ஒரே நேரத்தில் சுற்றி நடந்து அளக்கும்போது மூலைகளின் பிழைகள் ஓரளவு ஒரே பக்கமாகப் போவதால் நடைமுறையில் இதைவிடக் கொஞ்சம் நன்றாகவே வரும். ஆகவே எவ்வளவு விதை, எவ்வளவு உரம் என்று கேட்பவருக்குப் போன் போதும். வேலி எங்கே போடுவது என்று கேட்பவருக்குப் போதாது, அது இரண்டு அலைவரிசை பிடிக்கும் விலையுயர்ந்த போனாக இருந்தாலும் சரி. போனுக்குள் இருக்கும் ஆன்டெனா அவ்வளவுதான்.

அடுத்து வரப்போகும் ஒரு குழப்பத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதிலும் நீங்கள் கருவியைத்தான் திட்டப்போகிறீர்கள். இரண்டு கல்லுக்கு நடுவே டேப் பிடித்தால் 100 மீட்டர் வரும். கருவியின் ஆயத்தொலைவை வைத்துக் கணக்கிட்டால் 99.96 வரும். இரண்டுமே சரி. பூமி வளைந்தது, காகிதம் தட்டை. வளைந்ததைத் தட்டையாக்கும்போது எங்காவது இழுக்கவோ சுருக்கவோ வேண்டும். பூமியை மண்டலங்களாகப் பிரித்துத் தட்டையாக்கும் யுடிஎம் முறையில் ஒவ்வொரு மண்டலத்தின் நடுக்கோட்டிலும் அளவுக் காரணி, அதாவது தூரத்தைப் பெருக்க வேண்டிய எண், 0.9996 என்று வேண்டுமென்றே வைத்திருக்கிறார்கள், மண்டலத்தின் ஓரங்களில் பிழை கட்டுக்குள் இருப்பதற்காக. கிலோமீட்டருக்கு 40 சென்டிமீட்டர் குறையும். நடுக்கோட்டிலிருந்து விலகப்போக இது குறைந்து பூஜ்யமாகி, பூமத்திய ரேகைக்கு அருகே மண்டல ஓரத்தில் கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் அளவுக்குக் கூடுதலாகவே காட்டும். இதோடு இடத்தின் உயரமும் சேரும். கடல் மட்டத்திலிருந்து 1000 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஒரு கிலோமீட்டர், கீழே இறக்கிக் கணக்கிடும்போது இன்னொரு 16 சென்டிமீட்டர் சுருங்கும். பரப்பளவில் இது இரட்டிப்பாகத் தெரியும்: காரணி 0.9996 என்றால் ஒரு ஹெக்டேரில் எட்டு சதுர மீட்டர் குறையும். பத்திரத்தில் இருக்கும் தூரங்கள் தரையில் பிடித்தவை, உங்கள் வரைபடத்தில் இருப்பவை கட்ட முறையில், அதாவது அந்தத் தட்டைக் காகிதக் கணக்கில், வந்தவை. இரண்டையும் ஒப்பிடும் முன் சாப்ட்வேரில் தரைத் தூரம் எது, கட்டத் தூரம் எது என்று பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள். இது பிழையே இல்லை, வெறும் கணக்கு. ஆனால் இந்த 4 சென்டிமீட்டரை யாரோ கல்லை நகர்த்திவிட்டார்கள் என்று நினைத்துப் பக்கத்து நிலத்துக்காரரிடம் போய்ப் பேசிவிட்டால் திரும்ப எடுக்க முடியாது.

மட்டத்தைப் பற்றிச் சுருக்கமாக. செயற்கைக்கோள்கள் எல்லாம் தலைக்கு மேலே மட்டுமே இருப்பதால் உயரத்தில் பிழை கிடைமட்டத்தைப்போல ஒன்றரை முதல் இரண்டு மடங்கு. போதாததற்கு, கருவி சொல்லும் உயரம் ஒரு கணித வடிவத்திலிருந்து எடுத்தது, கடல் மட்டத்திலிருந்து அல்ல. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் உலகில் இடத்துக்கு இடம் மாறும்: இந்தியப் பெருங்கடலில் இலங்கைக்குத் தெற்கே 100 மீட்டருக்கு மேல் கீழே, நியூ கினியா பக்கம் 80 மீட்டருக்கு மேல் மேலே. இதைத் திருத்த, இந்த வித்தியாசத்தை இடத்துக்கு இடம் சொல்லும் ஜியாய்டு மாதிரி ஒன்றைக் கருவியில் ஏற்ற வேண்டும், அல்லது அருகிலுள்ள உயரம் தெரிந்த மட்டக் கல்லில் வைத்துச் சரிசெய்துகொள்ள வேண்டும். அப்படியும் 500-க்கு 1 சரிவில் வாய்க்கால் வெட்ட இதை நம்ப வேண்டாம். பத்து மீட்டருக்கு இரண்டு சென்டிமீட்டர்தான் சரிவு, கருவியின் பிழையும் அதே அளவு. அங்கே மட்டம் பார்ப்பதற்கென்றே உள்ள ஆட்டோ லெவல் கருவிதான்.

டோட்டல் ஸ்டேஷனை விற்றுவிட வேண்டாம் என்பது இதற்குள் புரிந்திருக்கும். மரத்தடி, சந்து, வீட்டின் ஒட்டுச் சுவர், இங்கெல்லாம் ஆர்டிகேயோடு மல்லுக்கட்டுவதைவிட வெளியே வெட்டவெளியில் இரண்டு புள்ளி ஆர்டிகேயில் எடுத்து, ஒன்றில் டோட்டல் ஸ்டேஷனை நிறுத்தி, மற்றதைப் பின்னோக்கிப் பார்த்துத் திசை பிடித்து உள்ளே அளப்பதுதான் வேகம். இதில் ஒரு பொறி இருக்கிறது. அந்த இரண்டு புள்ளிகளும் 20 மீட்டர் இடைவெளியில் இருந்து, ஒவ்வொன்றும் ஒரு சென்டிமீட்டர் தவறியிருந்தால், திசை 20 மீட்டருக்கு ஒன்றரை சென்டிமீட்டர் திரும்பிவிடும். அங்கிருந்து 100 மீட்டர் தள்ளி நீங்கள் அளக்கும் மூலை ஏழு சென்டிமீட்டர் தவறும். டோட்டல் ஸ்டேஷன் ஐந்து வினாடிக் கோணம் (ஒரு டிகிரிக்கு 3600 வினாடி) அளக்கும் கருவியாக இருந்தும் பயனில்லை, ஆரம்பத் திசையே நூற்று நாற்பது வினாடிக்கு மேல் தவறு. ஆகவே பின்னோக்கும் புள்ளி, அளக்கப்போகும் புள்ளிகளைவிடத் தூரமாக இருக்க வேண்டும். மூன்றாவதாக ஒரு புள்ளியும் எடுத்து அதையும் பார்த்துச் சரிபார்த்துவிடுங்கள். இடம் நெருக்கமாக இருந்து 20 மீட்டருக்கு மேல் போக வழியே இல்லை என்றால், அந்த இரண்டு புள்ளிகளிலும் இருபது நிமிடத்துக்கு மேல் நிலையாக நிறுத்திப் பதிவு செய்து, பிறகு கணக்கிடும் முறைக்குப் போங்கள். சில மில்லிமீட்டருக்குள் வரும்.

டேப்பும் இருக்கட்டும். அதற்குச் செயற்கைக்கோளைப் பற்றி ஒன்றும் தெரியாது, அதனால்தான் அது நல்ல சாட்சி. நாள் முடிவில் ஏதோ இரண்டு கல்லுக்கு நடுவே டேப் பிடித்து, கணக்கில் வரும் தரைத் தூரத்தோடு ஒப்பிட்டால், மேலே சொன்ன பாதித் தவறுகள் அங்கேயே பிடிபடும்.

வானமும் எல்லா நாளும் ஒன்றாக இருப்பதில்லை. 2024 மே 10 அன்று வந்த சூரியப் புயலில் அமெரிக்காவில் விதைப்பு நேரத்தில் ஆர்டிகேயை நம்பி ஓடிக்கொண்டிருந்த டிராக்டர்கள் வழி தவறின, பலர் வேலையை நிறுத்தி வைத்தார்கள். அது அரிது. ஆனால் பூமியின் காந்த நடுக்கோட்டை ஒட்டிய பகுதிகளில் சூரியன் மறைந்த பிறகு சில மணி நேரம் அயனி மண்டலம் கொதித்துக்கொண்டிருப்பது அரிதல்ல, சூரியச் செயல்பாடு உச்சத்தில் இருக்கும் வருடங்களில் இன்னும் அதிகம். ஃபிக்ஸ் வந்து வந்து போனால் கருவியை அணைத்து அணைத்துப் போடுவதில் பயனில்லை. மூட்டை கட்டிவிட்டு காலையில் வாருங்கள்.

எல்லை காட்டலாமா என்ற கேள்விக்கு இப்போது வரலாம். அளக்கத் தாராளமாகப் பயன்படுத்தலாம், எல்லையை முடிவு செய்ய இது கருவியே அல்ல. ஒரு கல் எங்கே இருக்கிறது என்று கருவி சொல்லும். அந்தக் கல் அங்கே இருக்க வேண்டியதா என்பதைப் பத்திரம், பழைய அளவைக் குறிப்பு, அண்டை நிலத்தார் ஒப்புக்கொண்ட வேலி, பல வருடமாக நிலத்தை அனுபவித்து வந்த விதம் இவைதான் சொல்லும். பல நாடுகளின் சட்டத்தில், நகராமல் இருக்கும் ஆதிக் கல்லுக்கும் காகிதத்தில் எழுதிய தூரத்துக்கும் முரண் வந்தால் கல்லுக்குத்தான் மதிப்பு. பழைய அளவையர் சங்கிலி பிடித்து அரை அடி தவறி நட்ட கல்லாக இருந்தாலும், எல்லோரும் அதை ஏற்று வாழ்ந்திருந்தால் அதுவே எல்லை. உங்கள் கருவி அந்த அரை அடியைக் கண்டுபிடித்தது என்பதற்காகக் கல்லைப் பிடுங்கி நடக் கூடாது. விதிவிலக்குகள் உண்டு. ஆயத்தொலைவுக்கே சட்ட மதிப்புக் கொடுத்திருக்கும் இடங்களும் உண்டு. உங்கள் பகுதியில் எது என்பதை உரிமம் பெற்ற அளவையரிடமோ வழக்கறிஞரிடமோ கேட்டுக்கொள்ளுங்கள், என் பதிலை வைத்து முடிவு செய்ய வேண்டாம்.

கூகுள் எர்த்தில் கோட்டைப் போட்டுப் பார்த்து 'பக்கத்து வீட்டுக்குள் போகிறதே' என்று நிலத்துக்காரர் கேட்பார். அந்தப் படமே சில மீட்டர் தள்ளிப் பொருத்தப்பட்டிருக்கலாம், பழைய தேதிப் படத்தைத் திறந்து காட்டினால் அதே வீடு வேறு இடத்தில் நிற்பதை அவரே பார்ப்பார். விவாதம் அதோடு முடியும்.

கடைசியாக, பேஸ் இல்லாமல் இணையம் வழியாகத் திருத்தம் வாங்கும் என்ட்ரிப் சேவைக்கு மாறலாமா என்று யோசிப்பீர்கள். அந்தச் சேவையின் நிலையான நிலையம் அருகில் இருந்து, போன் சிக்னலும் இருந்தால் மாறுங்கள். முதலில் சொன்ன பேஸ் சிக்கல் அத்துடன் தீரும், எல்லா நாளும் ஒரே தொடக்கம். ஆனால் அந்தச் சேவை எந்த டேட்டத்தில் (ஆயத்தொலைவுகளுக்கு அடிப்படையாக வைத்த அமைப்பில்), எந்த ஆண்டு நிலையில் ஆயத்தொலைவு கொடுக்கிறது என்று கேட்டு எழுதி வையுங்கள். தரை நகர்ந்துகொண்டிருக்கிறது. ஆஸ்திரேலியா வருடத்துக்கு 7 சென்டிமீட்டர் வடகிழக்காகப் போகிறது. அங்கே 1994-ஐ அடிப்படையாக வைத்த டேட்டத்திலிருந்து 2020-ஐ அடிப்படையாக வைத்ததற்கு மாறியபோது நாடு முழுக்க ஆயத்தொலைவுகள் 1.8 மீட்டர் மாறின. ஒரு கல்கூட இடம் மாறவில்லை. இணைய வசதி இல்லாத இடங்களில் பேஸைச் சில மணி நேரம் ஓடவிட்டு, அந்தப் பதிவை இணையத்தில் இலவசமாகக் கணக்கிட்டுத் தரும் சேவைகளுக்கு அனுப்பினால் ஓரிரு சென்டிமீட்டரில் அதன் இடம் தெரியும். கனடா அரசும் ஆஸ்திரேலிய அரசும் நடத்தும் சேவைகள் உலகம் முழுவதற்கும் வேலை செய்கின்றன. அதன்பின் முதல் நாள் வேலையை மொத்தமாக அங்கே நகர்த்திக்கொள்ளலாம். அதனால் பேஸில் பதிவு செய்யும் வசதியை எப்போதும் இயக்கியே வையுங்கள், மெமரிக்கு ஒன்றும் பெரிய செலவில்லை. வரைபடத்தின் ஓரத்தில் டேட்டம், மண்டலம், பேஸின் ஆயத்தொலைவு, அது எங்கிருந்து வந்தது, தூரங்கள் தரையா கட்டமா என்பதை எழுதுங்கள். டேட்டத்தைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம். பேஸ் எங்கே நின்றது என்பது எழுதப்படாமல் போனால் மறுபடி களத்துக்குப் போய்த்தான் ஆக வேண்டும்.